பின் சீட்டில் காலை எங்கே வைப்பது

பயிற்றுநர் கோர்ஸ் முடிச்சு முதல் தடவையா பின் சீட்டுல உக்காரப் போற தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும் அரியலூர்லேருந்து வணக்கம். ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார், அதுவும் தமிழ்லயே எழுதுங்க, இங்கிலீஷ் மேனுவல் படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சுன்னு கேட்டீங்க. எனக்கும் அதுதான் வசதி. ரிட்டயர் ஆகி இங்க வந்ததுலேருந்து என் இங்கிலீஷுக்கு வேலையே இல்ல. பெரிய வீரக்கதைன்னு நினைச்சுப் பிரிச்சிருந்தீங்கன்னா இப்பவே மூடி வெச்சுடுங்க. இது என் காலைப் பத்தின கதை. அதுலயும் இடது காலைப் பத்தினது.

நம்ம ஜெட் ட்ரெய்னர்ல முன் சீட்டுல ட்ரெய்னி, பின் சீட்டுல நாம. அவங்க முன்னால என்னென்ன இருக்கோ அத்தனையும் நம்ம முன்னாலயும் இருக்கு. காலுக்கு ரெண்டு பெடல், எதைத் தள்ளுறோமோ அந்தப் பக்கம் மூக்கு திரும்பும். பெடலோட மேல் முனையைக் கால் விரலால அழுத்துனா அந்தப் பக்கத்துச் சக்கரத்துல ப்ரேக் பிடிக்கும். முன்னால இருக்குறவரு அழுத்துனாலும் பிடிக்கும், பின்னால இருக்குறவரு அழுத்துனாலும் பிடிக்கும். யாரு அழுத்துனதுன்னு சக்கரத்துக்குத் தெரியாது. இது உங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதான். ஆனா இதுலதான் நான் வழுக்கி விழுந்தேன்.

நான் பயிற்றுநரான முதல் வருஷம், ஒரு நெட்டைப் பையன், ட்ரெய்னி, இறங்குறப்ப பயத்துல ரெண்டு ப்ரேக்கையும் இறுக்கி மிதிச்சுக்கிட்டே தரையைத் தொட்டுட்டான். சக்கரம் உருளாம தேய்ஞ்சு, வலது டயரு டமார்னு வெடிச்சிருச்சு. ரன்வேயை விட்டுப் புல்லுல போயி நின்னோம். யாருக்கும் ஒரு கீறல் இல்ல. எங்க ஸ்குவாட்ரன்ல சீனியர் பயிற்றுநர் ஒருத்தர் இருந்தாரு. பேரு வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவரு என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "அப்ப உன் கால் எங்க இருந்துச்சு?" தரையில வெச்சிருந்தேன் சார்னு பெருமையாச் சொன்னேன், விதி அப்படித்தானே. அவரு தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

அந்தக் கேள்வியை நான் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டேன். காலு பெடல்ல இருந்திருந்தா அந்த டயரைக் காப்பாத்தியிருப்பேன்னுதான் அவரு சொல்ல வர்றாருன்னு எனக்குப் பட்டுச்சு. அவரு கேட்டதோ வேற. என் காலு ஒழுங்கா தரையில இருந்துச்சே, அதே மாதிரி உன் குதிகாலைத் தரையில வை, விரல் ப்ரேக்கை எட்டாதுன்னு அந்தப் பையனுக்கு இறங்குறதுக்கு முன்னாடி வாயால சொன்னியா, அதுதான் கேள்வி. நான் சொல்லல. இது எனக்கு உறைக்க எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் எந்த ட்ரெய்னி இறங்கினாலும் என் ரெண்டு காலும் பெடல் மேல உக்காந்திருக்கும். அழுத்த மாட்டேன், சும்மாதான் வெச்சிருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். உங்கள்ல பாதிப் பேரும் நாளைக்கு இதையேதான் சொல்லிக்கப் போறீங்க.

ஆனா என் காலு சும்மாவும் இல்ல. வரதராசன்பேட்டைல வாத்தியார் வூட்டுப் பிள்ளை நான். பள்ளிக்கூட மைதானத்துல பந்து விளையாடி இடது முட்டியை ஒடச்சிக்கிட்டவன். மெடிக்கல்ல தேறிட்டாலும், அந்த முட்டியை முழுசா மடக்கினா இன்னைக்கும் வலிக்கும். அதனால காக்பிட்ல உக்காந்தா இடது காலு கொஞ்சம் நீட்டிக்கிட்டுதான் நிக்கும். சும்மா வெச்ச காலு, பதட்டம் வந்தா சும்மா இருக்காது. எனக்கே தெரியாம அது அழுத்திக்கிட்டு இருந்துச்சு.

இப்ப தேன்மொழி கிட்ட வரேன்.

வாலிகண்டபுரத்துப் பொண்ணு. தாத்தா காலத்துல கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அப்பா டிராக்டர் ஓட்டுறவரு, அம்மா பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் உரிக்கப் போறவங்க. ஜெட் பயிற்சிக்கு வந்த முதல் நாளே என் பேரைப் பார்த்துட்டு, "சார், நீங்க எந்த ஊருங்க?"ன்னு தமிழ்ல கேட்டா. அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். ஆயிரம் மைலுக்கு அப்பால பக்கத்து ஊர்க்காரரைக் கண்டா யாருக்குத்தான் இருக்காது? நான் இங்கிலீஷ்ல, ஸ்குவாட்ரன்ல இங்கிலீஷ் மட்டும்தான்னு வெட்டிவிட்டேன். நம்ம ஊர்ப் பொண்ணுக்குச் சலுகை காட்டுறான்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதுன்னு எனக்கு ஒரு வெறி. சலுகை காட்டாம இருக்குறதுக்கும் கடுமை காட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியல. அதை நினைச்சா இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.

பறக்குறதுல அவ கெட்டி. கை அவ்வளவு பக்குவம். இறங்குனதுக்கு அப்புறம்தான் தகராறு. ப்ரேக் பிடிக்குற நேரம் விமானம் இடது பக்கமா வெட்டும். அவ உடனே திருத்துவா. திருத்துனதும் திரும்ப வெட்டும். நான் ரிப்போர்ட்ல எழுதினேன், ப்ரேக் சீரா இல்ல, இடது பக்கம் இழுக்குதுன்னு. மூணு தடவை எழுதினேன். மூணாவது தடவை எழுதினப்ப, இன்னொண்ணு இப்படி வந்தா இவளை ஜெட்லேருந்து எடுத்துடுவாங்கன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஜெட் ஓட்டணும்னுதான் அந்தப் பொண்ணு பிளஸ் டூலேருந்து கண்ணு மூடாம படிச்சு வந்திருக்கா.

ஒரு தடவை, இறங்கி வந்து பேசிக்கிட்டிருக்குறப்ப, அவ மெதுவா இங்கிலீஷ்ல சொன்னா. அந்த இடத்துல நான் ப்ரேக்கையே தொடல சார்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்ப விமானம் தானாவே இழுக்குதா, சாக்கு சொல்றதை முதல்ல நிறுத்துன்னேன். அவ "யெஸ் சார்"னு எழுந்து போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

நாலாவது ரிப்போர்ட் எழுத வேண்டிய பறப்புக்குக் கிளம்பின அன்னைக்குக் காலைல வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. பயிற்சி எல்லாம் நல்லபடியா முடிச்சுத் திரும்பி வர்ற வழில சக்கரத்தையும் ப்ரேக்கையும் இயக்குற ஹைட்ராலிக் எண்ணெயோட எச்சரிக்கை விளக்கு எரிஞ்சிருச்சு. எண்ணெய் அழுத்தம் காட்டுற முள்ளு கீழ இறங்கிக்கிட்டே போச்சு. செக்லிஸ்ட்டுல என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தெரியும், அதை விட்டுடறேன். சக்கரத்தை அவசர முறைல இறக்கிட்டோம், பூட்டிக்கிச்சு. றெக்கைல இருக்குற ஃபிளாப் இறங்கல, அது இல்லாம வேகமாத்தான் தரையைத் தொடணும். ப்ரேக்குக்கு, தனியாச் சேமிப்புல கொஞ்சம் அழுத்தம் இருக்குமே, அது மட்டும்தான் மிச்சம். கரண்ட் போனதுக்கு அப்புறம் மேல் டேங்க்ல இருக்குற தண்ணி மாதிரின்னு வெச்சுக்குங்க. குழாயை ஒரே தடவை திறந்து நிதானமா பிடிச்சா குடம் நிறையும். திறந்து மூடி, திறந்து மூடி விளையாடினா ஒண்ணும் மிஞ்சாது. அழுத்தினா அழுத்தின கால் அழுத்தினபடியே இருக்கணும். எடுத்து எடுத்து வெச்சா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா காலி.

இறக்கப் போறது யாரு? வழக்கமா இந்த மாதிரி நேரத்துல பின் சீட்டுக்காரர் வாங்கிக்குவாரு. ஆனா ஃபிளாப் இல்லாம இறங்கினா மூக்கு நல்லா நிமிர்ந்திருக்கும், பின் சீட்டுலேருந்து ரன்வே சரியாத் தெரியாது. அவ கை மேல எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. நீயே இறக்கு, கடைசி வரைக்கும் கன்ட்ரோல் உன்கிட்டதான்னு சொல்லிட்டேன். இன்னைக்கும் அந்த முடிவு சரின்னுதான் சொல்வேன். அதுல நான் பண்ண ஒரே தப்பு, வாயால கன்ட்ரோலைக் குடுத்துட்டு காலால குடுக்காம விட்டதுதான். வேகமா இறங்கப் போறோம், ரன்வே முடியுற இடத்துல, ஓடிப் போற விமானத்தைப் பிடிக்குற வலையைத் தூக்கி நிறுத்திட்டோம்னு டவர்ல சொல்றாங்க. என் ரெண்டு காலும் போயி பெடல்ல ஏறிக்கிச்சு.

தேன்மொழி இறக்கின அழகைப் பார்க்கணும். பூ மாதிரின்னு சொல்ல மாட்டேன், அந்த வேகத்துல பூ எல்லாம் கிடையாது. ஆனா ரன்வே தொடங்குற இடத்துலயே, நேர்கோட்டுல, ஒரு மூச்சுல தரையைத் தொட்டா. அவசரப்பட்டு ப்ரேக்கைத் தொடல. வேகம் தானா குறையட்டும்னு மூக்கை நிமித்தியே வெச்சிருந்தா. அவ காத்துக்கிட்டு இருந்தா, எனக்குத்தான் காத்திருக்க முடியல.

விமானம் இடது பக்கம் வெட்டுச்சு. அவ பெடலால திருத்துனா. திரும்ப வெட்டுச்சு. ப்ரேக் அழுத்தம் காட்டுற முள்ளு ஒரு படி இறங்குச்சு. என்ன பண்றா இவன்னு எனக்குக் கோவம் வந்துச்சு, சத்தியமாச் சொல்றேன், அந்த நிமிஷத்துலயும் அவ மேலதான் கோவம் வந்துச்சு. முள்ளு இன்னொரு படி இறங்குச்சு. அப்பதான் ஹெட்செட்டுல அவ குரல் கேட்டுச்சு. கத்தல, அழல. கூட்டத்துல முன்னால நிக்கிறவங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்ற மாதிரி, தமிழ்ல சொன்னா.

"சார், உங்க காலை எடுங்க."

கீழ குனிஞ்சு பார்த்தேன். என் இடது ஷூ பெடல் முனையை நல்லா அழுத்தி உக்காந்திருந்துச்சு, இத்தனை நேரம் விட்டு விட்டு மிதிச்சதும் அதுதான். வேற யாரோ ஒருத்தரோட காலைப் பார்க்குற மாதிரி இருந்துச்சு எனக்கு. ரெண்டு காலையும் பின்னால இழுத்துத் தரையில பதிச்சேன். அந்த நொடியே விமானம் நேராயிருச்சு. மிச்சம் இருந்த கொஞ்ச அழுத்தத்துல அவ ரெண்டு ப்ரேக்கையும் ஒரே தடவை, மெல்ல, சீரா அழுத்தினா. அழுத்தின காலை அவ எடுக்கவே இல்ல. எதிர்ல வலை பெரிசாயிக்கிட்டே வருது. பண்றதுக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல. என் சர்வீஸ்லயே அதைவிடக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்ல. வலைக்கும் எங்க மூக்குக்கும் ஒரு லாரி நீளம் இருக்குறப்ப நின்னோம்.

எஞ்சின் அடங்குச்சு. அப்புறம் அவ "சாரி சார்"னா. மன்னிப்புக் கேக்க வேண்டியவன் பின்னால உக்காந்திருக்கான், அவ கேக்குறா. நான் பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கிட்டேன்.

இறங்குனதும் என்னைச் சுத்திக் கூட்டம். முதுகுல தட்டுறாங்க. அனுபவம்னா இதான்யாங்குறாங்க. ட்ரெய்னி கையில குடுத்துட்டு எவ்வளவு நிதானமாக் காப்பாத்திட்டாருங்குறாங்க. அவ கொஞ்சம் தள்ளி ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறா. நான் நீட்டின கையை எல்லாம் குலுக்கினேன். போயி ரிப்போர்ட் எழுத உக்காந்தேன். இறங்கியதில் பயிற்றுநர் உதவினார்னு ஒரு வரி எழுதினேன். பொய்யின்னு யாரும் சொல்ல முடியாத வரி. அதுல உதவின்னா என்னன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மத்த பயிற்றுநருங்களுக்குப் பரீட்சை எடுக்குற பயிற்றுநர் பதவிக்கு அந்த மாசம்தான் என் பேரை அனுப்பியிருந்தாங்க. ஒருத்தருக்கும் நஷ்டமில்லையேன்னு தோணுச்சு. அவ மேல எழுதின மூணு ரிப்போர்ட்டு அப்படியே ஃபைல்ல கிடக்குங்குறதை நினைக்காத மாதிரி இருந்துட்டேன்.

எங்க ஸ்குவாட்ரன்ல ஒரு பழக்கம் உண்டு. ப்ரேக் எமர்ஜென்சில தப்பிச்சு வந்த விமானத்தோட டயரைக் கழட்டினா, அது கழிவுக்குப் போறதுக்கு முன்னாடி க்ரூ ரூம் வாசல்ல போட்டு, விமானத்தை நிறுத்தினவங்க பேரை வெள்ளைப் பெயிண்ட்டுல எழுதுவாங்க. அடுத்த டயரு வர்ற வரைக்கும் அதுதான் டீ குடிக்குறப்ப உக்காருற இடம். மெயின்டனன்ஸைப் பார்த்துக்கிட்டிருந்த வாரண்ட் ஆபீசர், ஒடிசாக்காரர், ரெண்டு டயரையும் உருட்டிக்கிட்டு வந்து நான் எழுதிக்கிட்டிருந்த ஜன்னலுக்கு வெளியில போட்டாரு. கையில பிரஷ்ஷு. என்னை வெளிய கூப்பிட்டு, இடது டயரை மெதுவாத் திருப்பிக் காட்டினாரு. அதுல ஒரு இடத்துல மட்டும் மொழுக்குன்னு தேய்ஞ்சிருந்துச்சு. வலதுல அப்படி இல்ல. மத்தபடி ரெண்டு டயரும் ஒரே சீராத்தான் தேய்ஞ்சிருந்துச்சு. அவரு குத்தம் ஒண்ணும் சொல்லல. எந்தப் பேரை எழுதட்டும் சார்னு மட்டும் ஹிந்தில கேட்டாரு.

நான் அந்த மொழுக்கைத் தடவிப் பார்த்தேன். இன்னும் லேசா சூடு இருந்துச்சு. அது என் காலு போட்ட அடையாளம். தேன்மொழி பேரை எழுதுங்க, ரெண்டுலயும் எழுதுங்கன்னுட்டு உள்ள போனேன். எழுதின ரிப்போர்ட்டைக் கிழிச்சேன். புதுசா எழுதினேன், நடந்தது நடந்தபடி. அதோட இன்னொரு தாளும் எழுதினேன், முன்னால நான் எழுதின மூணு ரிப்போர்ட்டும் தப்பு, இழுத்தது என் கால், அந்தப் பொண்ணோட ப்ரேக்குல ஒரு குறையும் கிடையாதுன்னு. கமாண்டர் ரெண்டையும் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. திரும்பவும் படிச்சாரு. இது உன்னை எங்க கொண்டுபோயி விடும்னு தெரியுமான்னு கேட்டாரு. தெரியும் சார்னேன்.

தெரிஞ்ச மாதிரியேதான் ஆச்சு. மூணு மாசம் பின் சீட்டுல உக்கார விடல. பரீட்சைப் பதவி வேற ஒருத்தருக்குப் போச்சு, அப்புறம் எனக்கு வரவே இல்ல. கொஞ்ச நாள் வயித்தெரிச்சலா இருந்துச்சு, பொய் சொல்வானேன். ஆனா தேன்மொழி ஜெட்லயே இருந்தா. வேற பயிற்றுநரோட பறந்து அந்த பேட்ச்லயே நல்ல மார்க்கு வாங்கினா. ப்ரேக்கைப் பத்தி அவரு ஒரு வரிகூட எழுதல, எழுதுறதுக்கு ஒண்ணும் இல்ல.

நான் ரிப்போர்ட்டைக் குடுத்த அன்னைக்கே சாயங்காலம் அவ டயரு மேல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல போயி, முதல் தடவையா அவகிட்டத் தமிழ்ல பேசினேன். தப்பு என்னுதும்மா, எழுதிக் குடுத்துட்டேன்னேன். அதோட விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? ஏம்மா, இதை முன்னாலயே சொல்லியிருக்கலாம்லன்னு கேட்டுட்டேன்.

அவ கிளாஸைக் கீழ வெச்சா. "ஒரு தடவை சொன்னேங்க சார்."

கோவமே இல்லாமச் சொன்னா. அவ கோவப்பட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். குனிஞ்சு டயரைப் பார்த்தேன். அவ பேருக்குக் கீழ, அந்த மொழுக்கான இடத்துல, வாரண்ட் ஆபீசர் சின்னதா ஒரு ஷூ வரைஞ்சு வெச்சிருந்தாரு, இடது கால் ஷூ. அவளும் அதைப் பார்த்துட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல சிரிப்பு வந்துருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியும் வந்துச்சு.

திரும்பப் பின் சீட்டுக்குப் போனப்புறம், ஒவ்வொரு ட்ரெய்னிகிட்டயும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுவேன். இறங்குறப்ப உன் குதிகால் தரையில இருக்கட்டும், என் குதிகாலும் தரையில இருக்கும். என் காலு உன் ப்ரேக்குல பட்டுச்சுன்னு தோணினா சொல்லிடு, சாருன்னு பார்க்காதே, எந்த மொழில வாயில வருதோ அதுல சொல்லு. பேட்ச்சுக்கு ஒருத்தராச்சும் சொல்லுவாங்க. அதுல பாதி என் காலாத்தான் இருக்கும். மீதி அவங்க பயம். அதைச் சொல்லவிட்டதுல எனக்கு ஒரு குறைச்சலும் வந்துடல. பிள்ளைங்க சீக்கிரமாக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். நீங்களும் முதல் நாளே சொல்லிடுங்க. அவங்க சொன்னா கேட்டுக்குங்க, அதுதான் சொல்றதைவிடக் கஷ்டம்.

போன மாசம் தேன்மொழி லீவுல வந்திருந்தா. அம்மா உங்களைக் கண்டிப்பா சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு ஃபோன் பண்ணிட்டு, சொன்ன நேரத்துக்கு அரியலூருக்குக் கார்ல வந்துட்டா. அவளே ஓட்டுறா, நான் பக்கத்து சீட்டு. வழில ஒரு சேதி சொன்னா. பரீட்சை எடுக்குற பயிற்றுநரா அவளைப் போட்டிருக்காங்க, உங்க ஸ்குவாட்ரனுக்குத்தான் வரப் போறா. ஆமாங்க, பின் சீட்டுல நீங்க எப்படி உக்காருறீங்கன்னு பார்க்க வர்ற அந்த மேடம் இவதான். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலி. அதை அவ சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு எழுத வரல. நான் "நல்லதும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பெரம்பலூர் ரோட்டுல முன்னால ஒரு டிப்பர் லாரி, சுண்ணாம்புக் கல்லு ஏத்திக்கிட்டு, தூசி கிளப்பிக்கிட்டுப் போவுது. திடீர்னு அது பின் விளக்கு எரிஞ்சு நின்னுருச்சு. தேன்மொழி பதறல. கண்ணாடியைப் பார்த்தா, ப்ரேக்கை ஒரே சீரா அழுத்தினா, காரு வெண்ணெய் மாதிரி வேகம் குறைஞ்சு வந்துச்சு. நான் ரோட்டைப் பார்த்தபடி இறுக்கமா உக்காந்திருந்தேன். அவ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காம, அதே பழைய குரல்ல மெதுவாச் சொன்னா.

"சார்."

கீழ பார்த்தேன். என் இடது காலு கார் தரையை அழுத்திக்கிட்டு நீட்டிக்கிட்டு நிக்குது. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, முட்டி வலிச்சாலும் பரவால்லன்னு ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டுக்கிட்டேன். வாலிகண்டபுரம் வர்ற வரைக்கும் கீழ இறக்கவே இல்ல.